ஃபியோர்ட்டில் குளிக்கப் போன அம்மா

என் ராசா,

நீ தொலைபேசியை எடுப்பதில்லை, ஆகவே எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் உன்னை அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இப்போதுதான் ஒரு பலன். நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். ஆறுதலாக வாசி, அவசரமில்லை. விளங்காத இடத்தில் டிலானியைக் கேள். உன்னைக் கட்டப்போகிற பிள்ளைக்குத் தெரியக்கூடாதது எதுவும் இதில் இல்லை.

நேற்று அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து பெரியம்மா தொலைபேசி எடுத்தார். நான் வேலையால் வந்து சோறு வைத்துக்கொண்டு நின்றேன். பெப்ரவரியில் உன் கலியாணத்தன்று, தேவாலயத்துக்கு வெளிக்கிட முதல் வீட்டில் நீ முழந்தாளிட்டு ஆசீர் வாங்கும்போது, தாய் தகப்பன் நிற்கிற இடத்தில் பெரியப்பாவும் தானும் நிற்கப் போவதாகச் சொன்னார். "பிள்ளை, குறை நினையாதை. உன்ர பெடியன்தான் அப்பிடிச் சொன்னவன். நீயும் இப்ப புருசன் இல்லாத ஆள். அதோட உந்தக் குளிப்புக் கதை வேற, சனம் கதைச்சுக்கொண்டு திரியுது." நான் "ஓம் அக்கா, நல்லது" என்றேன். வேறென்ன சொல்ல? தொலைபேசியை வைத்த பிறகு பார்த்தால் சோறு அடிப்பிடித்துப் போயிருந்தது. அதையே போட்டுச் சாப்பிட்டேன். எனக்கு மனம் நொந்துபோயிற்று, ராசா. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இந்த வருடம் ஜனவரியில் போனார். கோடையில் வைத்திருந்த கலியாணத்தை நீ தள்ளிப்போட்டாய். மண்டபத்துக்குச் சொல்லி, டிலானி வீட்டாருக்குச் சொல்லி, கனடாவிலிருந்து வர இருந்த சனத்துக்கெல்லாம் சொல்லி, அப்பாவின் ஆண்டுப் பூசை முடியட்டும் என்றாய். முப்பத்தோராம் நாள் பூசை கழிந்தால் செய்யலாம்தானே என்று டிலானியின் தாய் கேட்டுப் பார்த்தார். நீ அசையவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது என்று நான் நினைத்திருந்தேன். கடைசியில் எங்கள் எல்லாரையும்விட நீதான் கடுமையாகத் துக்கம் காத்தாய். தாடி வளர்த்தாய். பிறந்தநாள் வீடுகளுக்குப் போகவில்லை. காரில்கூடப் பாட்டுப் போடவில்லை. அப்படி இருக்கிற பிள்ளையின் கைக்கு அந்தப் படம் வந்தால் அவன் கொதிக்காமல் என்ன செய்வான்?

படத்தை நானும் பார்த்தேன். நவம்பர் மாதத்துக் காலை, கடல் உள்ளே வந்து கிடக்கிற வைலே ஃபியோர்ட். குளிக்கிற மரப்பாலத்தின் ஏணியடியில், கழுத்தளவு தண்ணீரில் டெனிஷ் பெண்கள். அவர்களுக்கு நடுவே கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு நான். வாய் காது வரைக்கும் திறந்திருக்கிறது. குளிப்புக் குழுவினர் அதைத் தங்கள் முகநூல் பக்கத்தில் போட்டு, கீழே "வாழ்வின் மகிழ்ச்சி" என்று டெனிஷில் எழுதியிருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதை எடுத்து வாட்ஸப்பில் விட்டிருக்கிறார். வைலேயில் ஏறின ரயில் கோப்பன்ஹேகன் போய்ச் சேர முன்னமே படம் பெரியம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து புரொண்பிக்கு, உன்னிடம்.

கோபம் வந்தால் நீ டெனிஷில்தான் கதைப்பாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்குத் தொலைபேசியில் தமிழில் கதைத்தாய். "அம்மா, உங்களுக்கு வெக்கமா இல்லையோ? அப்பா செத்து இன்னும் ஒரு வருசம் ஆகேல்லை. நான் என்ர கலியாணத்தையே தள்ளி வச்சிட்டு இருக்கிறன். நீங்கள் அங்க குளிச்சுச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறியள்." ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடிச் சொன்னாய். எனக்கு நன்றாக உறைக்க வேண்டும் என்று அப்படிச் சொன்னாய், உறைத்தது. நான் "ஓம் ராசா, வெக்கமாத்தான் கிடக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ என்னோடு கதைக்கவில்லை.

நான் ஏன் தண்ணீருக்குள் போனேன் என்று சொல்ல முதல், அப்பாவின் சீட்டு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை பின்னேரங்களில் சிநேகிதர்கள் வந்து குசினி மேசையைச் சுற்றி இருந்து முந்நூற்றிநாலு விளையாடுவார்கள். வீட்டில் அப்பா வாய் திறப்பது குறைவு. கேட்டால் பதில், சில நாள் அதுவும் இல்லை. சீட்டைக் கையில் எடுத்தால் மனிதர் மாறிவிடுவார். மேசை அதிர அடித்துப் போடுவார். தோற்றவனை நையாண்டி பண்ணுவார். மேல்வீட்டுப் பெண் ஒருநாள் இறங்கி வந்து கதவைத் தட்டினாள், அவ்வளவு சத்தம். நான் ஏசுவேன். "பிள்ளை படிக்கிற வீட்டில என்ன கூத்து இது? விடிஞ்சால் பூசைக்குப் போக வேணும்." அவர் பெரும்பாலும் கேளாதவர் போல இருப்பார். ஒருநாள் மட்டும் சீட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இஞ்சாரும், உது இல்லாட்டித் திங்கக்கிழமை என்னால அந்தக் குளிருக்குள்ள போய் நிண்டு பண்டி வெட்டேலாது."

நான் அதைச் சாட்டு என்றே எடுத்தேன். எங்கள் ஆட்களுக்கு வேலை, பிள்ளைகளின் படிப்பு, கோயில், கலியாணவீடு, செத்தவீடு. இவற்றுக்கு வெளியே ஒரு மனிதர் தனக்கென்று ஒன்றைச் செய்தால் அது பொழுதை வீணாக்குவது. பிள்ளைகளைப் பரதநாட்டியத்துக்கும் மிருதங்கத்துக்கும் விடுவோம்தான், ஆனால் அதற்கும் ஒரு மேடை, ஒரு சான்றிதழ், ஒரு பெரிய படம் வேண்டும். ஒருவர் சும்மா தன்பாட்டில் ஒன்றைச் செய்து மனம் ஆறினால் அது எங்களுக்குக் கண்ணில் குத்தும். பிறகு தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தது, சிநேகிதர்கள் பிள்ளைகளுக்குப் பின்னால் லண்டனுக்கும் கோப்பன்ஹேகனுக்கும் போனார்கள். அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கத் தொடங்கினார். வீடு அமைதியாகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அவர் மனம் சுருங்கிக்கொண்டு போனதை அமைதி என்று நினைத்திருக்கிறேன். அதனால்தான் அவருக்கு இதயம் நின்றது என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் அந்தக் கடைசி வருடங்களில் ஒருதரம்கூட மேசையில் அடித்துச் சிரிக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இனி அப்பாவைப் பெட்டியில் வைத்திருந்த நாள். தேவாலயத்தை ஒட்டிய சின்ன மண்டபம். என் வேலையிடத்து டெனிஷ்காரர் ஆளுக்கொரு ரோசாப்பூவோடு வந்து வரிசையாக இருந்தார்கள். மூக்குறிஞ்சுகிற சத்தம்கூட இல்லை. நான் கிட்டப் போய் அப்பாவின் கையைத் தொட்டேன். தொட்டதும் அடிவயிற்றிலிருந்து சத்தம் எழும்பியது. "இஞ்சாருங்கோ" என்று தொடங்கினேன். கலியாணம் கட்டின நாளிலிருந்து அவரை நான் கூப்பிட்டது அப்படித்தான், வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நீ என் தோளைப் பிடித்துக் காதுக்குள் சொன்னாய். "அம்மா, மெதுவா. ஆக்கள் பாக்கினம்." நான் நிறுத்திவிட்டேன்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ பிறந்த நாட்டில் அப்படித்தான் அழுவார்கள், உள்ளங்கைக்குள். எங்கள் பக்கத்தில் செத்தவீடு என்றால் பெண்கள் கட்டிப்பிடித்துக் குழறுவோம். ஒருத்தி புதிதாக வாசலில் ஏறினால் மற்றவர்களும் மறுபடி தொடங்குவார்கள். செத்தவரைக் கேள்வி கேட்போம், ஏசுவோம், புகழ்வோம். தொண்டை கட்டி, உடம்பு களைத்து, கடைசியில் யாராவது தேத்தண்ணி தந்து இருத்துவார்கள். அதோடு பாதிப் பாரம் இறங்கிவிடும். எனக்கு இங்கே அது இறங்கவில்லை. அன்று விழுங்கினது நெஞ்சுக்குழிக்குள் அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. மூச்சு பாதியில் நிற்கும். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக் குசினியில் ஒரே சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். பாவம் அந்தக் கிழவர்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள். வைத்தியர் துக்கத்தில் இருப்பவர்கள் கூடிக் கதைக்கிற குழு ஒன்றுக்கு அனுப்பினார். வட்டமாகக் கதிரைகள், நடுவே மெழுகுதிரி, பக்கத்தில் கண் துடைக்கிற கடதாசிப் பெட்டி. நல்ல சனம், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் முறை வந்தபோது எனக்கு வாய் வரவில்லை. என் டெனிஷ் வேலைக்குப் போதும், கடைக்குப் போதும், துக்கத்துக்குப் போதவில்லை. "அவர் நல்ல மனிதர், எனக்குக் கவலை" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ உடைந்துவிடுவாய் என்று பயந்தேன். நீயும் அதே பயத்தில்தான் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறாய் போல.

குசினியில் என்னோடு வேலை செய்கிற கியர்ஸ்டன்தான் மார்ச் மாதத்தில் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "குளிர் தண்ணீருக்குள் இறங்கினால் வேறு எதையும் நினைக்க முடியாது, வந்துதான் பாரேன்" என்றாள். விசர்க் கதை என்று நினைத்தேன். நீ கொஞ்சம் சிரிக்க வேண்டுமென்றால் இந்த இடத்தில் சிரி. காலுக்கு நீளக் கறுப்புக் காற்சட்டை, உடம்புக்குக் கை மூடிய குளிப்பு உடுப்பு, அதற்கு மேலே அப்பாவின் பழைய ரீசேட். இந்தக் கோலத்தில் சவுனாவின் சூட்டறைக்குள் போனால் மற்றவர்கள் எல்லோரும் பிறந்தமேனியோடு இருந்து ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சுவரைப் பார்த்தபடி மனதுக்குள் அருள்நிறைந்த மரியே சொன்னேன்.

பிறகு பாலத்துக்கு வந்தோம். முன்னால் இறங்கின பெண், தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் வீரிட்டுக் கத்தினாள். அடுத்தவளும் கத்தினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஏணியைப் பிடித்தபடி நின்றேன். "நீயும் கத்தலாம், இங்கே எல்லோரும் கத்துவோம்" என்றாள் கியர்ஸ்டன். இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் ஒரு டெனிஷ்காரர் என்னைக் கத்தச் சொன்னது அதுதான் முதல் தரம். இறங்கினேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் மூச்சு அடைத்தது, வாய் தானாகத் திறந்தது. "இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன். "என்னை விட்டிட்டு எங்க போனியள்? ஆரிட்டச் சொல்லிட்டுப் போனியள்? இந்தக் குளிருக்குள்ள என்னைத் தனிய விட்டிட்டுப் போக உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?" அந்த மண்டபத்தில் நின்றுபோன அழுகை, விட்ட இடத்திலிருந்து வந்தது. குழறினேன், ராசா. கியர்ஸ்டன் நான் குளிரைத் திட்டுகிறேன் என்று நினைத்துக் கை தட்டினாள்.

நவம்பரில் படம் எடுத்த அன்றும் அதுதான் நடந்தது. அந்தப் படத்தில் நான் சிரிக்கவில்லை. அது அழுகிற வாய். உன் தாய் வாய்விட்டு அழுததை நீ பார்த்ததில்லை, அதனால் உனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எத்தனையோ செத்தவீட்டில் என்னைக் கட்டிப்பிடித்து அழுத பெரியம்மாவுக்கும் தெரியாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

மார்ச்சில் அந்த முதல் நாள் கரைக்கு வந்தபோது கை கால் எல்லாம் எரிந்தது. துவாயைச் சுற்றிக்கொண்டு எல்லோருமாக இருந்து தேத்தண்ணி குடித்தோம். பின்னேரம் எனக்குப் பசித்தது. அப்பா போன பிறகு முதல் தரம் பசித்தது. நித்திரையும் வந்தது. ஆகவே அடுத்த கிழமையும் போனேன். கோடைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, தண்ணீர் சுகமாக இருந்தால் கத்துவதற்கு ஒரு சாட்டு வேண்டுமே. மெல்ல மெல்ல மற்றப் பெண்களின் பெயரும் அவர்களுடைய வீட்டுக் கவலைகளும் தெரியவந்தன. ஒருநாள் மீன் ரோல்ஸ் சுட்டுக்கொண்டு போனேன், உறைப்பில் எல்லோருக்கும் மூக்கு வடிந்தது, பிறகும் கேட்கிறார்கள். இப்போதெல்லாம் சில நாட்களில் அழுகை வருவதில்லை, சும்மா குளித்துவிட்டு வருவேன். சில நாட்களில் சிரித்தும் இருக்கிறேன். அதையும் உனக்கு மறைக்கப் போவதில்லை. உன் அப்பா இல்லாத உலகத்தில் நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவர் படத்துக்கு முன்னால் நின்று அவரிடமும் சொன்னேன்.

இதை அன்றைக்கே தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தானே என்று கேட்பாய். சொன்னால் அந்த மண்டபத்தில் நீ என் காதுக்குள் சொன்னது உனக்கு நினைவு வரும். தகப்பனின் பெட்டிக்கு முன்னால் தாயின் வாயை மூடினேனே என்று ஆயுசு முழுக்க உழல்வாய். அதைவிட என்னை வெட்கம் கெட்டவள் என்று நீ நினைத்துவிட்டுப் போவது பரவாயில்லை என்று பட்டது. டிலானி மட்டும் தொலைபேசி எடுத்திருக்காவிட்டால் இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். போன கிழமை அவள் அழுதுகொண்டு கதைத்தாள். "மாமி, அவர் நித்திரை கொள்ளுறாரில்லை. டொக்டர் ஸ்ட்ரெஸ் எண்டு வேலையால நிப்பாட்டி வச்சிருக்கிறார். என்னோடயும் எரிஞ்சு விழுறார். அப்பா செத்ததுக்கு ஒருக்காக்கூட அழேல்லை மாமி. கீபோர்டைப் பெட்சீற்றால மூடி வச்சிருக்கிறார், தொட விடுறாரில்லை." கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும்தான் இனி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று பட்டது.

பள்ளிக்கூடத்தில் உன்னைப் பந்தடிக்கச் சேர்க்காமல் விடுகிற நாட்களில், நீ வந்து சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டாலும் வராமல் கீபோர்டுக்கு முன்னால் இருப்பாய். முதலில் தாறுமாறாக அடிப்பாய். பிறகு பூசையில் பாடுகிற பாட்டு ஒன்று அதற்குள்ளிருந்து மெல்ல மெல்ல வரும். அது வந்தால் நான் கறியைச் சூடாக்கத் தொடங்குவேன். அப்பா குசினி வாசலில் நின்று கேட்டுவிட்டு, "பெடியனுக்கு ஆறிட்டுது" என்பார். சீட்டு விளையாடுகிற மனிதருக்கு அது விளங்காமல் இருக்குமோ?

ஒரு வருடத்துக்கு வீட்டில் சங்கீதம் கூடாது என்று பெரியப்பா சொன்னாராம். தம்பியைப் பறிகொடுத்த மனிதர், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கொண்டாட்டம் கூடாது என்றால் சரி. ஆனால் செத்தவீட்டில் நாங்கள் ஒப்பாரி பாடுகிறோமே, அதுவும் பாட்டுத்தானே? அதை யாராவது கூடாது என்றார்களோ? கீபோர்டை மூடியிருக்கிற அந்தப் பெட்சீற்றை எடு, ராசா. பாட்டு வராவிட்டால் தாறுமாறாக அடி. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் தட்டட்டும். வைத்தியர் தருகிற மருந்தையும் எடு, அவரிடம் மறைக்காமல் கதை, அதை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. கீபோர்ட் உனக்கு அப்பாவைத் திருப்பித் தராது. தண்ணீரும் எனக்கு அவரைத் தரவில்லை. ஒவ்வொரு தரமும் தலையைத் துவட்டிக்கொண்டு நான் தனியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன். போகக்கூடியதாக இருக்கிறது, அவ்வளவுதான் அதன் பலன். அதற்கு மேல் சொன்னால் பொய்.

கலியாணத்துக்குப் பிறகும் விடாதே. வீடு வாங்குவீர்கள், பிள்ளை வரும், நேரமில்லை என்பாய். டிலானிக்கும் அப்படி ஒன்று இருக்கும், என்னவென்று கேள். அவள் அதற்குப் போகிற நேரத்தில் பிள்ளையை நீ வைத்திரு. நான் அப்பாவை ஏசின மாதிரி நீங்கள் ஒருவரையொருவர் ஏசாதீர்கள்.

இனி ஆசீர் விஷயம். அதை மாற்று என்று கேட்பதற்கு இவ்வளவும் எழுதவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். நீ முழந்தாளில் இருக்கும்போது உன் தலையில் என் கை இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவோ ஆசை. ஆனால் பக்கத்தில் அப்பா இல்லாமல் நான் மட்டும் நின்றால் நீ அந்த வெறும் இடத்தையும் பார்க்க வேண்டி வரும். அதைத் தாங்க முடியாமல்தான் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் சோடியாக நிறுத்துகிறாயோ என்று நேற்று இரவு முழுக்க யோசித்தேன். அப்படியென்றால் எனக்குச் சம்மதம். சனத்தின் கதைக்காக என்றால் சம்மதம் இல்லை. ஆனாலும் வருவேன். தேவாலயத்தில் எந்த வாங்கில் இருக்கச் சொல்கிறாயோ அந்த வாங்கில் இருப்பேன்.

அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் நான் வாய்விட்டு அழுதுவிடுவேனோ என்று உன் மனதில் ஒரு பயம் இருக்கும். பயப்படாதே. கலியாணத்துக்கு முதல் நாள் விடியவே ஃபியோர்ட்டுக்குப் போவேன். பெப்ரவரியில் தண்ணீர் நல்ல குளிராக இருக்கும், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உன் கலியாணத்துக்கு அழ வேண்டியது எல்லாவற்றையும் அங்கே அழுது முடித்துவிட்டு, ரயில் ஏறி உன்னிடம் வருவேன்.

அம்மா